பொறுமை குறைந்த முனை

ஜூன் 3, திங்கள்

பிரஷர் பார்க்கும் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஆபீஸ்ல கத்தாதீங்கம்மா. கத்தணும்னு தோணுச்சுன்னா எங்கயாவது எழுதி வைங்க." அதனால் இந்த டைரி. டைரி ஓசி. புத்தாண்டுக்குக் கம்பெனி கொடுத்தது. அட்டையில் 'தென்வைகை நெட்வொர்க்ஸ், மதுரை' என்று பொன் எழுத்தில் மின்னுகிறது. இன்று காலையிலிருந்து அப்படி ஒரு கம்பெனி கிடையாது. சென்னையில் உள்ள பேரலை கம்யூனிகேஷன்ஸ் எங்களை வாங்கிவிட்டது.

வாங்கியவர்களின் துணைத் தலைவர் ஹரன் வீடியோவில் தரிசனம் தந்தார். தாடியை அளவெடுத்து வெட்டியிருந்தார். "இத அக்விசிஷன்னு பார்க்காதீங்க, திஸ் இஸ் எ மேரேஜ்" என்றார். எங்கள் மேலாளர் இருளப்பன் சார் என் பக்கம் சாய்ந்து, "அப்ப நம்ம பொண்ணு வீடாம்மா, மாப்பிள்ள வீடா?" என்று கேட்டார். மைக் அணைக்கப்படவில்லை. சென்னையில் யாரோ சிரித்தது கேட்டது.

பிறகு அறிமுகம். அங்கயற்கண்ணி என்ற என் பெயரை ஹரன் இரண்டு முறை முயன்று பார்த்தார். மூன்றாவது முறை, "ஷல் வி சே ஏ.கே.?" என்றார். துப்பாக்கிக்கு வைக்கிற பெயர். டாக்டரை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஜூன் 5, புதன்

கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டரும் காலி. பதிவு செய்ய மறந்தது நான்தான் என்று ஞானவேல் சொல்கிறார். ஞானவேல் என் கணவர், உசிலம்பட்டி பால் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சங்கம் உசிலம்பட்டியை விட்டு நகராது, ஆகவே அவரும் நகரமாட்டார். மகள் யாழிசை பிளஸ் டூ. அவளையும் இந்த வருடம் அசைக்க முடியாது.

இதையெல்லாம் எழுதக் காரணம் ஹரனின் மெயில். மதுரை ரூட்டருக்கும் சென்னை ரூட்டருக்கும் நடுவே ஒரு டனல் போட வேண்டுமாம். மண்ணைத் தோண்டுகிற வேலை இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் திருச்சி வழியாக வேறொரு கம்பெனியின் வாடகை லைன் ஓடுகிறது. எங்கள் தென்மாவட்ட வாடிக்கையாளர்களின் இணையப் போக்குவரத்தை உறையில் போட்டு ஒட்டி, உள்ளே இருப்பது லைனின் சொந்தக்காரனுக்குத் தெரியாமல் அந்த லைன் வழியே சென்னைக்கு அனுப்ப வேண்டும். முதலில் சோதனைப் போக்குவரத்து மட்டும். டனல் ஒரு மாதம் ஒரு முறைகூட விழாமல் நின்றால் மொத்தத்தையும் அதில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் எல்லாவற்றையும் சென்னையிலிருந்தே கண்காணிப்பார்கள். நான் வேலை பார்க்கும் மதுரைக் கண்காணிப்பு அறை மூடப்படும். இங்கே உள்ள ஆறு பேருக்கும் சென்னையில் இடம் 'பரிசீலிக்கப்படும்'.

மதுரை முனையை அமைக்கும் பொறுப்பு: ஏ.கே.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கம்பெனி செலவிலேயே ஏற்பாடாகியிருக்கிறது. இந்த ஊரில் என் வேலைக்கு வேறு இடம் இல்லை. இருப்பதெல்லாம் மாடிக்கு மாடி வயர் இழுக்கும் கடைகள். நாற்பத்தைந்து வயதில் ஏணி ஏற முடியாது. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், டாக்டர்.

ஜூன் 10, திங்கள்

சென்னை முனைக்கு எட்வின் என்றொருவரைப் போட்டிருக்கிறார்கள். தூத்துக்குடிக்காரர். முப்பது வயதிருக்கும். போனை எடுத்ததும், "அக்கா, நல்லா இருக்கியளா?" என்றார். பேரலையில் இப்படிக் கேட்ட முதல் ஆள்.

இரண்டு ரூட்டர்களுக்கும் உறவு ஏற்படுத்துவது பற்றிப் பேசினோம். பக்கத்துப் பக்கத்து ரூட்டர்கள் என்றால் தெருவில் நின்று பொதுவாக "ஹலோ, யார் இருக்கீங்க?" என்று குரல் கொடுத்தாலே போதும், பழகிவிடும். நடுவில் அடுத்தவர் தெரு இருந்தால் அந்தக் குரல் எட்டாது. குறிப்பிட்ட ஆளைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். மதுரை சென்னையைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், சென்னையும் மதுரையை அழைக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஹலோ, ஹலோ என்று தொண்டை கிழியக் கத்தினாலும் உறவு கணக்கில் வராது.

"ரெண்டு பேரும் கூப்பிடுதாவ, அதுக்கப்புறம் யாரு பேச்ச ஆரம்பிக்கணும்க்கா?" என்று எட்வின் கேட்டார். தெரிந்தேதான் கேட்டிருப்பார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

விஷயம் இதுதான். ஹலோ சொல்லி முடித்ததும் முதலில் பேச்சைத் தொடங்குவது யார் என்பதில் ரூட்டர்களுக்குள் தகராறு கிடையாது. இரண்டும் தங்கள் முகவரி எண்களை ஒப்பிட்டுப் பார்க்கும். எண் பெரியதாக உள்ளவர்தான் போய்ப் பேச்சைத் தொடங்க வேண்டும். சின்ன எண்காரர் காத்திருப்பார். நம் வீடுகளில் இந்த விதியைக் கொண்டுவந்தால் பாதி சம்பந்திச் சண்டை தீர்ந்துபோகும்.

எங்கள் ரூட்டரின் எண் பெரியது. இதை இருளப்பன் சாரிடம் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்ப நாமதான் போயி அவிங்க கதவத் தட்டணுமாக்கும்?"

"நம்ம நம்பர் பெருசு சார். அதான்."

"பெரியவங்க எந்த ஊர்லம்மா முதல்ல போயி நின்னாங்க? வாங்குனவன் அவன். வேணும்னா அவன் வரட்டும். நாம கூப்பிட்டாப் பேசுவோம்."

அவரது அக்கா மகன் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார்கள் என்று ஒன்பது வருடமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர் அவர். அவரிடம் போய் இந்த விதியை ஏன் சொன்னேன்? அவர் கேட்டார். கேட்டார் என்றுதான் நினைவு.

ஜூன் 19, புதன்

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. இட்லி மாவு கடையில் வாங்கினோம். புளித்துக் கிடந்தது.

ஜூன் 28, வெள்ளி

இன்று நடந்த கூட்டத்தை நோட்டீஸ் அடித்து விநியோகிக்கலாம்.

ஹரன் எங்கள் வரைபடத்தைப் பார்த்தார். மதுரை முனைக்கு நேரே 'ஆக்டிவ்' என்றும் சென்னை முனைக்கு நேரே 'பாஸிவ்' என்றும் இருந்தது. பேச்சைத் தொடங்குகிறவர், காத்திருக்கிறவர் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. ஹரனின் முகம் மாறிவிட்டது.

"நாம பாஸிவா? வாங்கின கம்பெனி பாஸிவ்னா வெளியில என்ன மெசேஜ் போகும்? நோ, நோ. பேரலைதான் ஆக்டிவ்."

இருளப்பன் சார் உடனே, "அதத்தான் சார் நானும் சொல்றேன். நீங்கதான் முதல்ல பேசணும்" என்றார்.

"எக்ஸாக்ட்லி! வி ஆர் அலைன்ட்!"

இருவரும் ஒரே முடிவைக் கேட்டார்கள். இருவரும் எதிராளியை மட்டம் தட்டிவிட்டதாக நினைத்துச் சிரித்தார்கள். இருபது வருட சர்வீஸில் இவ்வளவு ஒற்றுமையான பகையை நான் பார்த்ததில்லை.

சென்னை முதலில் பேச வேண்டுமானால் சென்னையின் எண் பெரிதாக வேண்டும். எளிய வழி மதுரையின் எண்ணைக் குறைப்பது. "என் நம்பரக் குறைக்கிறதா? ஆளத் தூக்குங்க, நம்பர்ல கை வைக்காதீங்க" என்றார் இருளப்பன் சார். அப்படியானால் சென்னையின் எண்ணை உயர்த்த வேண்டும். அது அங்கே தலைமை ரூட்டர். அதன் எண்ணை மாற்ற ஒரு குழு ஒப்புதல் தர வேண்டும். குழு மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கூட்டம் முடிந்ததும் எட்வின் கூப்பிட்டார். "எது முதல்ல பேசுனா என்னக்கா? டனல் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான் தம்பி. நீங்களும் நானும் சொன்னா கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாவ" என்று சிரித்தார். தேவைக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

ஜூலை 18, வியாழன்

குழு ஒப்புதல் தந்துவிட்டது. எண் மாறிவிட்டது. இனி தள்ளிப்போட ஒரு சாக்கும் இல்லை. ஆனால் கடவுள் இருக்கிறார். நேற்று ஆடி பிறந்துவிட்டது.

நான் ஒன்றும் செய்யவில்லை. காலண்டரில் தேதி கிழித்துவிட்டு, "சார், ஆடி வந்துருச்சு" என்று சும்மா சொன்னேன். இருளப்பன் சார் அப்படியே ஹரனுக்குப் போன் போட்டார்.

"கல்யாணம்னு நீங்கதான சார் சொன்னீங்க? ஆடியில புதுசாக் கட்டுனவங்களையே பிரிச்சு அனுப்பி வைப்பாங்க. நீங்க சேத்து வைக்கணும்ங்குறீங்களே!"

ஹரன் ஆங்கிலத்தில் நிறையப் பேசினார். பகுத்தறிவு, முதலீட்டாளர்கள், காலக்கெடு. மதியம் திரும்பக் கூப்பிட்டார். அம்மாவிடம் கேட்டாராம். "லெட்ஸ் டு இட் இன் ஆவணி" என்றார்.

ஜூலை 25, வியாழன்

ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றப் பக்கத்துத் தெருவில் மைக் செட் கட்டியிருக்கிறார்கள். வீட்டில் பேசுவது வீட்டில் கேட்கவில்லை. எட்வினுடன் பேச மொட்டைமாடிக்குப் போனேன். வேலை எதுவும் இல்லை, சும்மாதான். அவர் வாரக் கடைசியில் தூத்துக்குடி போய் வந்தாராம். பஸ்ஸில் இடுப்பு ஒடிந்துவிட்டதாம். "மெட்ராஸ் நமக்கு ஒத்து வரலக்கா. ஊருக்குப் பக்கமா ஒரு வேல கெடச்சாப் போதும்" என்றார்.

"மதுரை பக்கமா?" என்றேன்.

"மதுரைன்னா தங்கம்லா. காலையில கெளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல நிப்பேன்."

கீழே மைக்கில் அம்மன் பாட்டு தொடங்கிவிட்டது. அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆவணி. நல்ல நேரம் பார்த்து இரண்டு முனைகளையும் இயக்கினோம். சென்னை முதலில் பேசியது. சென்னை கேட்ட நிபந்தனை ஒன்று மதுரைக்குப் பிடிக்கவில்லை, மறுத்தது. மறுக்கப்பட்ட ரூட்டர் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுத் திரும்ப வரும். திரும்பவும் மறுத்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஒதுங்கியிருந்துவிட்டு வரும். மனிதர்கள் இந்த இடத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பார்கள். எட்வின் நிபந்தனையைத் திருத்தினார். உறவு ஏற்பட்டது. திரையில் பச்சை வந்தது.

இருளப்பன் சார் லட்டு கொடுத்தார். தங்கள் அறை மூடப்படுவதற்கான முதல் படிக்கு ஆறு பேரும் லட்டு தின்றோம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

உறவை ஏற்படுத்துவது ஒரு நாள் கூத்து. காப்பாற்றுவதுதான் தினப்படி வேலை. அதற்கும் ஒரு விதி இருக்கிறது. இரண்டு ரூட்டர்களும் சில விநாடிகளுக்கு ஒரு தடவை ஹலோ சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்முனையிலிருந்து ஹலோ வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்ப்பது என்று ஒவ்வொரு முனையும் தன் அளவைச் சொல்லும். இரண்டில் எது குறைவோ அதுவே இருவருக்கும் பொருந்தும். அதாவது, யாருக்குப் பொறுமை குறைவோ அவர் வைத்ததுதான் சட்டம். இந்த விதியை எழுதியவர் நிச்சயம் கல்யாணமானவர்.

எட்வின் நாற்பத்தைந்து விநாடி வைத்திருக்கிறார். எல்லாரும் அதைத்தான் வைப்பார்கள். நான் பதினைந்து வைத்தேன். பழுது வந்தால் சட்டென்று தெரிந்துவிடும் அல்லவா? வல்லுநர்கள் பரிந்துரைப்பதுதான். எந்த வல்லுநர் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டனல் விழுந்தது.

சென்னையில் அந்த நேரத்தில் தகவல்களைப் பிரதி எடுக்கும் வேலை நடக்கிறது. அந்தச் சுமையெல்லாம் திருச்சி லைனில் முட்டிக்கொண்டு வருகிறது. அதில் ஹலோக்கள் நசுங்கிவிடுகின்றன. அரை நிமிடம் பொறுத்திருந்தால் ஒன்றிரண்டு தப்பி வந்து சேர்ந்துவிடும். மதுரை முனை அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை.

ஒரு ரூட்டர் உறவை முறித்துக்கொள்ளும்போது சொல்லிவிட்டுத்தான் முறிக்கும். 'உன் ஹலோ வரவில்லை, முடித்துக்கொள்கிறேன்' என்று மதுரை சென்னைக்குத் தகவல் அனுப்பியது. இரண்டு பக்கப் பதிவிலும் அது அப்படியே ஏறிவிட்டது. யார் படித்தாலும் சென்னை பேசாமல் இருந்துவிட்டது என்றுதான் தோன்றும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் மறுபடி ஹலோ சொல்லிச் சேர்ந்துவிட்டன. ஆனால் ஒரு மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

மனசு லேசாக இருந்தது. இரவுக்குப் பூரி போட்டேன். யாழிசை, "என்னம்மா விசேஷம்?" என்றாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தினம் மதியம் விழுகிறது. இருளப்பன் சாருக்கு ஒரே கொண்டாட்டம். "மெட்ராஸ்காரனுக்கு வாயும் இல்ல, காதும் இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். தண்ணீர் கேன் போட வந்தவரிடமும் சொன்னார்.

எட்வின் கூப்பிட்டார்.

"உங்க பக்கம் பொறுமை எவ்வளவுக்கா வச்சிருக்கிய?"

"வழக்கமா வைக்கிறதுதான் தம்பி."

"ம்." பேச்சை மாற்றினார். "அங்க மழ கிழ பெய்யுதோ? லைன்ல ஈரம் எறங்கியிருக்குமோ?"

"ஆமா, தூறிக்கிட்டுத்தான் இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பிரதி எடுக்கும் வேலையை வேறு நேரத்துக்கு மாற்றினால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பாவம், சின்னப் பையன், தோன்றியிருக்காது.

செப்டம்பர் 4, புதன்

ஹரன் கத்தினார். அவருக்கும் ஒரு டைரி வாங்கித் தரலாம். டனல் எத்தனை முறை எழுந்தது, எத்தனை முறை விழுந்தது என்று ஒரு படம் காட்டினார். மலைத்தொடர் மாதிரி இருந்தது. பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்திருக்கிறாராம். எட்வின் கூட்டம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. ஹரன் அவரைப் பார்த்து, "எட்வின், யுவர் எண்ட் இஸ் சைலண்ட். நீங்களும் சைலண்ட்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வீடியோ ஓடிக்கொண்டிருந்ததே.

செப்டம்பர் 11, புதன்

ஆலோசகர் அறிக்கை தந்துவிட்டார். மனிதர் ரூட்டர் பக்கமே போகவில்லை. பதிவில் இருந்த ஒரே வரியைப் படித்தார், அதையே எழுபது பக்கமாக எழுதினார். ஒவ்வொரு முறையும் ஹலோ வராமல் போனது சென்னையிலிருந்து. ஒவ்வொரு முறையும் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது மதுரை. 'மதுரை முனை மிகுந்த விழிப்புடன் செயல்பட்டிருக்கிறது' என்று எழுதியிருக்கிறார். தரையில் விரிசல் விட்ட எங்கள் அறையையும் அதில் உள்ள ஆறு பேரையும் 'தென் மண்டலத் திறன் மையம்' என்று குறிப்பிட்டிருக்கிறார். இருளப்பன் சார் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்துவிட்டார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. மதுரைக் கண்காணிப்பு அறை மூடப்படவில்லை. சென்னையில் உள்ள அறைதான் மூடப்படுகிறது. இனி இரண்டு ஊருக்கும் கண்காணிப்பு இங்கேயிருந்துதான். இருளப்பன் சார் மார்ச்சில் ஓய்வு பெறுவதால் அறைக்குத் தலைமை ஏ.கே. சென்னை அணிக்கு மாதக் கடைசியோடு சரி. அதில் எட்வினும் உண்டு.

ஆபீஸில் விசில் அடித்தார்கள். நானும் கை தட்டினேன். ஞானவேல் மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கி வந்தார். யாழிசை, "அப்ப நீ எங்கயும் போகலதான?" என்று இரண்டு முறை கேட்டாள். அவ்வளவு நாள் அவளும் பயந்திருக்கிறாள், கேட்கத் தெரியாமல் இருந்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. எட்வின் நினைப்பு சாப்பிட்டு முடித்த பிறகுதான் வந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

புதுப் பொறுப்பு, புதுக் கொள்கை. மதுரை முனையிலும் நாற்பத்தைந்து வைத்தேன். மூன்று நாட்களாக டனல் அசையவில்லை. மதியம் அதே சுமைதான் வருகிறது, ஒன்றிரண்டு ஹலோ நசுங்குகிறது, மூன்றாவது வந்து சேர்ந்துவிடுகிறது.

"என்னம்மா பண்ணுன?" என்று இருளப்பன் சார் அதிசயப்பட்டார்.

"கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொன்னேன் சார்."

ஆலோசகர் இதைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டதாகக் கேள்வி.

செப்டம்பர் 25, புதன்

எட்வின் கூப்பிட்டார். சென்னை ரூட்டரின் கடவுச்சொற்களை ஒப்படைப்பதற்காக. ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். முடிந்ததும் வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அக்கா, நாப்பத்தஞ்சு ஆக்கிட்டிய போல."

பேனாவை மூடி வைத்தேன்.

"ரெண்டு பக்கத்து அளவும் ரெண்டு பக்கத்துத் திரையிலயும் தெரியும்லாக்கா. உங்க பக்கம் பதினஞ்சுன்னு முதல் நாளே பாத்துட்டேன்."

"அப்புறம் எதுக்குத் தம்பி என்கிட்டக் கேட்டீங்க?"

"நீங்களா சொல்லுவியளோன்னு பாத்தேன்."

அவரே தொடர்ந்தார். பிரதி எடுக்கும் வேலை எப்போதும் விடியற்காலையில்தான் நடந்துகொண்டிருந்ததாம். அதை மதியத்துக்கு மாற்றியதே அவர்தானாம். "பதினஞ்சுன்னு பாத்த உடனே புரிஞ்சுட்டுக்கா. உங்க ஆபீஸ் நிக்கணும்னு நெனைக்கிய. அது நின்னா நானும் அங்க மாத்தல் கேக்கலாம்லா, ஊருக்குப் பக்கம். அதான் உங்களுக்குத் தோதா நானும் ஒரு தள்ளு தள்ளிவிட்டேன். பழி எந்தப் பக்கம் விழும்னுதான் யோசிக்காமப் போய்ட்டேன். என் புத்தி."

அவர் சிரித்தார். இந்த ஒரு மாதமாக அவர் என்னோடு சேர்ந்து வேலை பார்த்திருக்கிறார், நான்தான் தனியாக வேலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மதுரையில ஒரு ஆள் கூடுதலா எடுக்காவளாம். மனு போட்டிருக்கேன். உங்ககிட்டத்தான் கேப்பாவ. ஒரு வார்த்த சொல்லுங்கக்கா."

"பாக்குறேன் தம்பி" என்றேன். ரேஷன் கடையில் சீனி எப்போது வரும் என்று கேட்டால் சொல்வார்களே, அந்தக் குரலில்.

செப்டம்பர் 30, திங்கள்

தலைவலி. மதியம் கழிவறையில் கொஞ்சம் அழுதேன். தலைவலிதான் காரணம்.

என்ன சொல்வது? எட்வின் நல்ல ஆள் என்று சொல்லலாம். நல்ல ஆளின் முனை ஏன் தினமும் ஊமையாக இருந்தது என்று கேட்பார்கள். அது ஊமையாக இல்லை என்று சொல்ல வேண்டும். அப்படியானால் மதுரை ஏன் அப்படி அறிவித்தது என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு பெயர்தான் மிச்சமிருக்கும். அதையும் அவர்கள் சரியாக உச்சரிக்க மாட்டார்கள்.

இருளப்பன் சாரிடம் பேச்சுவாக்கில் எட்வின் பெயரை எடுத்தேன். "அந்த வாயில்லாத பயலையா? நமக்கெதுக்கும்மா?" என்றார். நாளை யாழிசைக்குக் காலாண்டு மதிப்பெண் கூட்டம். அதற்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

மாலையில் ஹரன் கூப்பிட்டார். ஆபீஸ் மாடியில் நின்று பேசினேன். அங்கே சிக்னல் எப்போதும் முழுதாக இருக்கும்.

"ஏ.கே., எட்வின் உங்க டீமுக்கு அப்ளை பண்ணியிருக்கார். எனக்குப் பர்சனலா அவர பிடிக்கும். ஆனா அந்த ரிப்போர்ட் இருக்கே. நீங்கதான் அவரோட டெய்லி வொர்க் பண்ணினவங்க. அவர் எண்ட்ல தப்பு இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் வேற எதுவும் கேட்க மாட்டேன். எடுத்துக்கலாம்."

வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்றார். இதைவிட எளிதாக ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"ஹலோ? ஏ.கே.?"

எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் அறையில் ஏ.சி. உறுமுவதுகூடக் கேட்டது.

"ஹலோ, ஏ.கே.? ஆர் யூ தேர்?"

"ஹலோ... ஹலோ... சார், ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். போனையும் அணைத்துவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. டாக்டர் சொன்னபடி எழுதினேன், இறங்கவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

காலையில் மெயில் வந்திருந்தது. எட்வினின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாம். காரணம்: 'மதுரைத் தரப்பிலிருந்து பதில் இல்லை.'

எனக்கும் ஒரு நகல் போட்டிருந்தார்கள். கிடைத்தது என்று உடனே பதில் அனுப்பினேன்.